காது போன கோப்பை

"கவுத்தாச்சு. அது என்ன சொன்னாலும் நம்பாதீங்க."

என் மனைவி என்னிடம் கடைசியாகச் சொன்னது இதுதான். ஒரு காலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, இன்னொன்றைக் கால் விரலால் துழாவியபடி வாசலிலிருந்து சொன்னாள். நான் குளியலறையில் வாய் நிறையப் பற்பசையுடன் "ம்" என்றேன். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு திரும்பி வந்து குடையை எடுத்துக்கொண்டு மறுபடி சாத்தினாள். அன்றைக்கு மழை வரவேயில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களில் சிலர், "கடைசியா என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்கள். பூனையைப் பற்றிச் சொன்னாள் என்றேன். அவர்கள் என் தோளைத் தட்டிவிட்டு நகர்ந்தார்கள். மனுஷன் அதிர்ச்சியில் உளறுகிறார் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அந்தக் கடைசி வார்த்தையில் ஒரு குறையும் இல்லை. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர்கள் பிரியும்போது, நாளைக்கும் பார்க்கப் போகிறவர்கள்போலப் பேசிக்கொண்டு பிரிந்தால் அதைவிட வேறென்ன வேண்டும்?

பூனையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் புளுகி. பெயர் வைத்தவள் அவள்தான். சாம்பல் நிறம், கழுத்தடியில் மட்டும் பால் சிந்தியதுபோல வெள்ளை. பார்க்கச் சாது. வாயைத் திறந்தால் அவ்வளவும் பொய். வயிறு முட்டத் தின்றுவிட்டு, நாக்கால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த ஆள் சமையலறைக்குள் வந்ததும் காலைச் சுற்றிக்கொண்டு கத்தும். பிறந்ததிலிருந்து சோற்றையே கண்ணால் பார்த்ததில்லை என்பதுபோல ஒரு கத்தல். கிண்ணத்தைப் பார்த்து உண்மையைத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கழுவி வைத்த மாதிரி நக்கி வைத்திருக்கும்.

அவள் இரண்டு தெரு தள்ளியிருந்த சலவை நிலையத்தில் வேலை பார்த்தாள். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளும் மேஜைத் துணிகளும் வண்டி வண்டியாக வந்து இறங்கும் இடம். அங்கே ஒரு வாரம் விடியற்காலை முறை, ஒரு வாரம் பிற்பகல் முறை. எனக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. எந்தக் கட்டடத்தில் எவன் நடுவில் மாட்டிக்கொண்டு கத்துகிறானோ அப்போதெல்லாம் நான் ஓட வேண்டும். ஆக, காலையில் எங்களில் யார் முதலில் எழுவார், யார் முதலில் கிளம்புவார் என்பது நாளுக்கு நாள் மாறும். இதைப் புளுகி நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. ஒரு கட்டத்தில் அது நடக்கும்போது வயிறு தரையில் உரசியது. கால்நடை மருத்துவர் அதை மேஜையில் தூக்கி வைத்துவிட்டு எங்களைப் பார்த்த பார்வை, பிள்ளையை ஒழுங்காக வளர்க்காத பெற்றோரைப் பள்ளிக்கூடத்தில் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

அன்று வந்ததுதான் கோப்பை ஏற்பாடு. எங்களிடம் காது உடைந்த மஞ்சள் கோப்பை ஒன்று இருந்தது. தேநீர் குடிக்க உதவாது, தூக்கிப் போடவும் மனசு வராது. அது சமையலறை ஜன்னல் விளிம்பில், குழாய்க்குப் பக்கத்தில் இருக்கும். யார் பூனைக்குத் தீனி வைக்கிறார்களோ அவர்கள் கோப்பையைக் கவிழ்த்து வைக்க வேண்டும். நிமிர்ந்திருந்தால் பூனை பட்டினி. கவிழ்ந்திருந்தால் பூனை புளுகுகிறது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு வேளை, காலையில். அவ்வளவுதான். எழுதி வைப்பது, போன் செய்து கேட்பது எதுவும் வேண்டாம். கோப்பையைப் பார்த்தால் போதும்.

கல்யாணமாகி வெளியூர் போன மகள் விடுமுறைக்கு வந்தாலும் அதே கோப்பைதான். பழக்கம் விடவில்லை அவளுக்கும். சூட்கேசை வாசலில் போட்டுவிட்டு நேரே சமையலறைக்குப் போய் ஜன்னலைப் பார்ப்பாள். "புளுகாதடி, கவுந்திருக்கு" என்பாள். பிறகுதான் எங்களை.

*

என் மனைவி போனது வேலையிடத்தில். மடிப்பு மேஜையின் ஓரத்தில் கையை ஊன்றி நின்றாளாம், அப்படியே உட்கார்ந்தாளாம். அதற்கு மேல் நான் அதைப் பற்றி எழுதப் போவதில்லை. இந்தக் கதை அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றியது.

முதல் சில நாட்கள் வீடு நிறைய ஆட்கள். யாரோ சமைத்தார்கள், யாரோ பரிமாறினார்கள். புளுகி கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டு, ஆள் அசந்த நேரத்தில் வெளியே வந்து ஒவ்வொரு தட்டிலும் பங்கு வாங்கிக்கொண்டது. வந்தவர்களுக்கு அதன் குணம் தெரியாதே. "ஐயோ பாவம், சாப்பிடவே இல்ல போலிருக்கு" என்று மீனையும் முட்டையையும் கிள்ளிப் போட்டார்கள். அந்த நாட்களில் அதன் வயிறு வாடவில்லை.

பிறகு எல்லோரும் கிளம்பினார்கள். மாப்பிள்ளையும் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று போனார். மகள் மட்டும் தங்கினாள். தங்கியதற்கு ஒரு நோக்கம் இருந்தது. என்னையும் கையோடு அழைத்துக்கொண்டு போவது.

"ஒரு ரூம் சும்மாதாம்ப்பா கிடக்கு."

"கிடக்கட்டும்."

"தனியா என்ன பண்ணுவீங்க?"

"ரெண்டு பேரா இருந்தப்போ என்ன பண்ணேனோ அதைத்தான். வேலைக்குப் போவேன், வருவேன், சாப்பிடுவேன், தூங்குவேன்."

"சாப்பிடுவீங்களா? சமைக்கறது யாரு?"

"ஞாயித்துக்கிழமை சமையல் யாரு பண்ணுவா இந்த வீட்டில?"

"அப்பா, நீங்க ஞாயித்துக்கிழமை பண்றது சூப்பு. வாரம் முழுக்க சூப்பு குடிச்சா நீங்களே கரைஞ்சுடுவீங்க."

அவள் அம்மாவைப் போலவே, சிரிக்காமல் சொல்வாள். எனக்கு அவள் மேல் கோபமில்லை. பயத்தில்தான் பேசுகிறாள் என்று தெரியும். அம்மாவைப் பறிகொடுத்தவள் மிச்சமிருக்கும் அப்பாவைப் பூட்டி வைக்கப் பார்க்கிறாள். ஆனால் எனக்கு இந்த வீட்டை விட்டுப் போக விருப்பமில்லை. இந்த வீட்டில் எந்தக் கதவு எந்த மாதத்தில் உப்பி இறுகும், எந்தக் குழாயை எத்தனை முறை திருகினால் சொட்டு நிற்கும் என்று என் கைக்குத் தெரியும். மகள் வீட்டில் நான் விருந்தாளி. ஒரு மாதம் விருந்தாளியாக இருக்கலாம். சாகும்வரை விருந்தாளியாக இருக்க முடியாது.

இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. கையில் இருந்த ஒரே துருப்புச்சீட்டைப் போட்டேன்.

"புளுகியை யார் பாத்துக்கறது? மாப்பிள்ளைக்குப் பூனை முடி ஆகாது. மூக்கு ஒழுகும்."

மகள் யோசித்தாள். அவள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பையில் போட்டு எடுத்து வந்த குட்டிதான் அது.

"பாக்கலாம்" என்றாள். எங்கள் வீட்டில் "பாக்கலாம்" என்றால் இன்னும் தோற்கவில்லை என்று அர்த்தம்.

இரவில் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. விடிவதற்கு முன் எழுந்து சமையலறையில் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படுப்பேன். அப்போதுதான் தூக்கம் வரும். நான் கண் விழிக்கும்போது மகள் எழுந்து, துணி துவைக்கப் போட்டு, மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்திருப்பாள். நான் சமையலறைக்குப் போவேன். கோப்பை கவிழ்ந்திருக்கும். பரவாயில்லை, பாப்பா தீனி வைத்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்வேன். புளுகி என் காலைச் சுற்றும். கத்தும்.

"நடிக்காத" என்பேன்.

மகளிடமும் போய்க் கத்தும். "கவுந்திருக்கில்ல, அப்புறம் என்ன?" என்று அவள் குரல் கேட்கும்.

அது பின்னங்காலில் எழுந்து நின்று அலமாரிக் கதவைப் பிறாண்டியது. மேஜை மேல் ஏறி ரொட்டிப் பையைக் கடித்தது. ஒரு நாள் என் செருப்பின் வாரைக் கவ்விக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தது. "அம்மாவைத் தேடுதுப்பா" என்று மகள் கண்ணைத் துடைத்தாள். எதிர்வீட்டுக்காரரும் அதையே சொன்னார். வாயில்லாத ஜீவனுக்கு எல்லாம் தெரியும் என்றார். வாயில்லாத ஜீவனா அது? அதற்கு இருப்பதே வாய்தான். ஆனால் நானும் தலையாட்டினேன்.

ஒரு மாலை வேலையிலிருந்து வந்தேன். புளுகி இல்லை. மகள் கட்டிலடி, அலமாரி, துணிக்கூடை எல்லாவற்றையும் புரட்டிப் போட்டிருந்தாள். குளியலறை ஜன்னல் திறந்திருந்தது. அங்கிருந்து குழாய் வழியாக இறங்கிப் போவது அதற்குப் புதிதல்ல. ஆனால் இருட்டுவதற்குள் வந்துவிடும். அன்று வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா. இனிமே அந்தச் சாக்கும் இல்ல."

வெற்றி பெற்ற குரல் இல்லை அது. மெதுவாகத்தான் சொன்னாள். அந்த வார இறுதிக்கு இரண்டு டிக்கெட் எடுக்கட்டுமா என்று கேட்டாள். நான் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அது போதுமென்று எடுத்துக்கொண்டாள்.

*

மறுநாள் ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தில் வேலை. என்னோடு ஜோடியாக வேலை பார்ப்பவனை ஏணி என்றுதான் கூப்பிடுவோம். அவ்வளவு உயரம். லிஃப்டுக்குள் அவன் நுழைவதே குனிந்துதான். எங்கள் தொழிலில் ஒரு கட்டாயம் உண்டு. லிஃப்ட் பெட்டிக்கு மேலே ஏறி, அது ஏறி இறங்கும் ஷாஃப்டுக்குள் கை வைப்பதற்கு முன்னால், மெஷின் அறையில் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, அதில் நம் அட்டையைத் தொங்கவிட வேண்டும். 'ஆள் உள்ளே இருக்கிறார், போடாதே' என்று அட்டையில் இருக்கும். மாட்டியவன்தான் கழற்ற வேண்டும். அந்தக் கட்டடமே தீப்பிடித்தாலும் இன்னொருவன் அட்டையில் கை வைக்கக் கூடாது. இது எங்களுக்கு ரத்தத்தில் ஊறியது.

மதியம் மெஷின் அறையிலேயே தரையில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தோம். ஏணிக்கு ஒரு பழக்கம், தன் பெட்டிக்கு முன்னால் என் பெட்டியைத் திறப்பான். என் மனைவியின் கைப்பக்குவத்துக்கு அவன் பல வருஷ வாடிக்கை. அன்று நானே செய்த ஆம்லெட். ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுவிட்டு வெகுநேரம் மென்றான்.

"அண்ணே, ஒரு சந்தேகம். முட்டையில உப்பு போட்டீங்களா, இல்ல உப்புல முட்டையைப் போட்டீங்களா?"

"பிடிக்கலைன்னா வை."

"யாரு பிடிக்கலைன்னா? தண்ணி பாட்டிலை மட்டும் இந்தப் பக்கம் தள்ளுங்க."

முழுவதையும் தின்றான். எனக்கு ஒரு துண்டுகூட விடவில்லை. பிறகு, ஏன் முகம் இப்படி இருக்கிறது என்று கேட்டான். பூனை போனதையும் டிக்கெட்டையும் சொன்னேன். பூனை பட்டினியால் போயிருக்காது, வேளை தவறாமல் மகள் வைத்துக்கொண்டுதான் இருந்தாள் என்று சொல்லி, கோப்பை ஏற்பாட்டையும் விளக்கினேன். அவனுக்கு அது மிகவும் பிடித்துப் போயிற்று.

"நம்ம அட்டை மாதிரியே இருக்கே அண்ணே! சோறு வெக்கறவங்க கவுத்துடணும். சரி. நிமித்தறது யாரு?"

"நிமித்தறதா?"

"ஆமா. காலையில கவுத்தாச்சு. மறுநாள் காலையில அது நிமிந்திருந்தாதானே பட்டினின்னு தெரியும்? யாராவது நடுவில நிமித்தணுமில்ல?"

நான் அவனைப் பார்த்தேன். "அது... காலையில பாத்தா நிமிந்துதான் இருக்கும்."

"தானாவா?"

நான் சாப்பாட்டுப் பெட்டியை மூடினேன்.

"தானா நிமிர்ற கோப்பை எந்தக் கடையில கிடைக்குது? என் வீட்டுக்கும் ஒன்னு சொல்லுங்க. கூடவே தானா மடிஞ்சுக்கற போர்வை இருந்தாலும் பாருங்க."

அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

எனக்கு அப்போது ஒரு ஓட்டல் அறை ஞாபகம் வந்தது. நாங்கள் இருவரும் சேர்ந்து விடுமுறை எடுத்துக்கொண்டு வெளியூர் போனது ஒரே ஒரு தடவை. ஏரிக்கரை ஓட்டல். பூனையை அண்டை வீட்டில் விட்டிருந்தோம். அவள் அந்த மூன்று நாளும் ஏரியைப் பார்த்ததைவிட அந்த ஓட்டலின் விரிப்புகளைத்தான் அதிகம் பார்த்தாள். மூலை மடிப்பு சரியில்லை என்று இரண்டு கட்டிலையும் கலைத்து மறுபடி போட்டாள். படுக்கப் போகும்போது, குளியலறைத் தட்டில் காகிதத்தின் மேல் கவிழ்த்து வைத்திருந்த கண்ணாடித் தம்ளரை எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.

"தண்ணி வேணுமா?" என்று கேட்டேன்.

"இல்ல. சும்மா. கை பழகிடுச்சு" என்றாள். விளக்கை அணைத்தாள்.

எதற்குப் பழகியது என்று நான் கேட்கவில்லை. ஓட்டல் அறையில் ஒரு பெண் ஒரு தம்ளரை நிமிர்த்தி வைத்தால் யார்தான் கேட்பார்கள்?

கவிழ்ப்பது இருவர் வேலை. நிமிர்த்துவது அவள் வேலை. ஒவ்வொரு நாளும் படுக்கப் போகும் முன் அடுப்பைப் பார்த்து, குழாயைப் பார்த்து, கோப்பையை நிமிர்த்தியிருக்கிறாள். அப்படி ஒரு வேலை இருந்தது என்று அவள் சொன்னதே இல்லை. சொல்லுமளவுக்குப் பெரிய வேலையாக அவளுக்குத் தோன்றியிருக்காது.

அப்படியானால் அந்தக் கோப்பை அவள் வாசலில் நின்று "கவுத்தாச்சு" என்று சொன்ன அன்றிலிருந்து கவிழ்ந்தேதான் இருக்கிறது.

"ஏணி, இன்னைக்கு இனிமே ஷாஃப்டுல கை வைக்காத. நான் என் அட்டையைக் கழட்டிட்டு வீட்டுக்குப் போகணும்" என்றேன்.

"போங்க அண்ணே. ஆபீஸ்ல நான் சொல்லிக்கறேன். பூனை கிடைச்சா போன் பண்ணுங்க. கிடைக்கலைன்னாலும் பண்ணுங்க."

*

வீட்டில் மகள் என் துணிகளைச் சூட்கேசில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளைக் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"பாப்பா, புளுகிக்கு நீ எப்பவாவது தீனி வெச்சியா?"

"நான் எங்க வெச்சேன்? நீங்கதானே விடியறதுக்கு முன்னாடி எழுந்து வெக்கறீங்க? சத்தம் கேக்குமே."

"நான் தண்ணி குடிச்சேன்."

"கோப்பை கவுந்திருந்துச்சே."

நான் கோப்பையைத் தூக்கினேன். அடியில் ஜன்னல் விளிம்பு வட்டமாகப் பளிச்சென்று இருந்தது. சுற்றிலும் தூசி.

மகள் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. சிரிப்பு. "அப்பா, அது நெஜமாவே பசின்னு சொல்லிச்சுப்பா. வாழ்க்கையில மொத தடவை உண்மை பேசியிருக்கு, ரெண்டு பேரும் நடிக்காதன்னு சொல்லிட்டோம்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அது அழுகையாகிவிட்டது. எனக்கும் அப்படித்தான். அவள் அம்மா போனதற்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து அழுதது அப்போதுதான். அதுவரை ஆளுக்கொரு அறையில் நடந்துகொண்டிருந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு யோசித்தோம். புளுகி துக்கத்தில் போகவில்லை. பசித்துப் போயிருக்கிறது. பசித்த பூனை எங்கே போகும்? அதன் பேச்சை நம்புகிற ஆட்கள் இருக்கும் இடத்துக்கு.

"அம்மாவோட ஏப்ரன் மேலதான் எப்பவும் படுத்திருக்கும்" என்றாள் மகள். "அந்த சோப்பு வாசனை, அந்த ஆவி வாசனை அதுக்குத் தெரியும்."

நாங்கள் சலவை நிலையத்துக்கு நடந்தோம். நான் முன்னால், அவள் கையில் மூடி போட்ட துணிக்கூடையுடன் பின்னால்.

உள்ளே போனதும் என் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தேன். இஸ்திரி மெஷினுக்குப் பக்கத்தில், சூடாக அடுக்கிய மேஜைத் துணிகளின் உச்சியில், புளுகி படுத்திருந்தது. இளைத்துத் துரும்பாகியிருக்கும் என்று நினைத்திருந்தேன். கழுத்து இருந்த இடமே தெரியவில்லை. என்னைப் பார்த்து ஒரு கண்ணை மட்டும் திறந்து, மறுபடி மூடிக்கொண்டது.

முதலில் ஓடி வந்தது சூப்பர்வைசரம்மா. என் மனைவிக்கு மேலதிகாரி, வயதில் இளையவர். "அண்ணே, மன்னிச்சுக்கோங்க. ரெண்டு நாள் முன்னாடி தானா வந்துச்சு. அக்கா நின்ன இடத்திலயே வந்து உக்காந்துச்சு. எங்களுக்கு அழுகை தாங்கல. பாப்பா அன்னைக்கு அக்காவோட சாமான் எடுக்க வந்தப்போ, நீங்க ஊருக்குப் போறதாச் சொல்லிச்சு. சரி, இதை விட்டுட்டுத்தான் போறீங்க போலன்னு நாங்களே வெச்சுக்கலாம்னு..."

"சாப்பாடு?" என்றேன்.

"காலையில வந்ததும் நான் மீன் டின் ஒன்னு வெச்சிடுவேன். பசியில அப்படிக் கத்தும்."

மடிப்பு மேஜையிலிருந்து ஒரு பெண் தலையைத் திருப்பினாள். "நீங்க வெச்சீங்களா? நான் பத்து மணிக்கு வெச்சேனே! ஒன்னுமே சாப்பிடாத மாதிரி காலைப் பிடிச்சுக்கிச்சு."

"அடிப்பாவிங்களா" என்றாள் இஸ்திரிக்காரி. "மதியம் என் டப்பாவில பாதி இதுக்குத்தான் போகுது. ரெண்டு நாளா நான் அரை வயித்தோட வேலை செய்றேன். நீங்க ரெண்டு பேரும் வெக்கறதே இல்லைன்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டு இருந்தேன்!"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு மேலே படுத்திருந்ததைப் பார்த்தார்கள். அது கொட்டாவி விட்டது.

நான் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். எங்கள் வீட்டில் இரண்டு பேர், ஒருவர் வைத்திருப்பார் என்று இன்னொருவர் நினைத்தோம். பூனை பட்டினி. இங்கே மூன்று பேர், யாருமே வைக்கவில்லை என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். பூனை பீப்பாய். என் மனைவி நின்ற இடத்தில் அது வந்து உட்கார்ந்ததும் உண்மையாக இருக்கலாம். அந்த இடத்தில் வெந்நீர்க் குழாய் போகிறது, கதகதப்பாக இருக்கும் என்று அவளே சொல்லியிருக்கிறாள். அதை அவர்களிடம் சொல்லவில்லை. தேடி வந்தது என்று அவர்கள் நினைத்தால் நினைக்கட்டும். எனக்கும் பாதி அப்படித்தான் இருந்தது.

"அப்போ கூட்டிட்டுப் போறீங்களா?" என்று சூப்பர்வைசரம்மா கேட்டார். "ஊருக்கு எடுத்துட்டுப் போக முடியுமா?"

"நான் ஊருக்குப் போகலம்மா" என்றேன். "வீட்டுலதான் இருக்கப் போறேன்."

மகள் பின்னால் நின்றிருந்தாள். கூடையின் மூடியைத் திறந்து மூடும் சத்தம் மட்டும் கேட்டது.

*

திரும்பி வரும்போது கூடையை நான் சுமந்தேன். கனத்தது. பாதித் தெரு வரை மகள் கூடையையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு ஆரம்பித்தாள்.

"ரெண்டு பேர் இருந்தே ஒரு பூனைக்குச் சோறு வெக்கத் தெரியல. நீங்க தனியா இருந்து என்ன கிழிப்பீங்க?"

"பாப்பா, ரெண்டு பேர் இருந்ததாலதான் பட்டினி போட்டோம். நான் மட்டும் இருந்தா இன்னொருத்தர் வெச்சிருப்பாங்கன்னு நினைக்க முடியுமா? வெச்சா நான் வெச்சேன். வெக்கலைன்னா நான் வெக்கல. இதுல சந்தேகத்துக்கு இடமே இல்ல."

அவள் நின்றுவிட்டாள். இந்த வாதத்தில் ஓட்டை எங்கே என்று தேடினாள். முகத்தில் தெரிந்தது. அவள் அம்மாவும் இப்படித்தான், தோற்கும்போது புருவத்தைச் சொறிவாள்.

"உங்களுக்கு யார் சோறு வெப்பா?"

"நானே. இன்னைக்கு ஆம்லெட் போட்டேன். ஏணி முழுசாத் தின்னான். அவனையே கேட்டுப் பாரு."

"நல்லா இருந்துச்சாமா?"

"ஒரு துண்டு விடல."

இதில் பொய் எதுவும் இல்லை.

"காலையில தினமும் போன் பண்ணுவேன்" என்றாள்.

"பண்ணு."

"லீவுக்கு வரணும். வந்து ஒரு மாசம் இருக்கணும்."

"வரேன். பூனையை இஸ்திரிக்காரியம்மாகிட்ட விட்டுட்டு வரேன். ஆனா கோப்பையையும் சேத்துக் குடுத்துட்டு வரணும். இல்லைன்னா திரும்பி வரும்போது கூடைக்குள்ள அடங்காது."

அவள் சிரித்துவிட்டாள். கூடையின் ஒரு கைப்பிடியை வாங்கிக்கொண்டாள். மிச்சத் தூரம் இருவருமாகத் தூக்கிக்கொண்டு வந்தோம். வீட்டுக்கு வந்ததும் சூட்கேசிலிருந்து என் துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கினாள். ஒவ்வொன்றையும் உதறி, மூலை சேர்த்து, அம்மா மடிப்பு. இரண்டு டிக்கெட்டில் ஒன்றை ரத்து செய்தாள்.

இப்போது ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. எனக்குச் சூப்பைத் தவிர இன்னும் நாலைந்து வகை வரும். உப்பு கைக்குள் வந்துவிட்டது, ஏணிதான் சான்று. அவன் இப்போதும் என் பெட்டியைத்தான் முதலில் திறக்கிறான். மகளிடம் சொன்னேனே, ஒரே ஆளுக்குச் சந்தேகம் வராது என்று, அது முற்றிலும் சரி. தனி ஆளுக்குக் கோப்பை தேவையில்லை. ஆனாலும் காலையில் தீனி வைத்ததும் அதைக் கவிழ்க்கிறேன். படுக்கப் போகும் முன் அடுப்பைப் பார்த்து, குழாயைப் பார்த்து, நிமிர்த்தி வைக்கிறேன். இரண்டு வேலையும் இப்போது என்னுடையது. நிமிர்த்துவதற்கு ஒரு நொடிகூட ஆவதில்லை. அதைத் தினமும், யாரும் பார்க்காமல், ஒரு தடவையும் தவறாமல் செய்வதற்குத்தான் ஆள் வேண்டும்.

இன்று காலை மகள் போன் செய்தாள்.

"வெச்சாச்சா?"

"கவுத்தாச்சு" என்றேன்.

கிண்ணம் காலி. கோப்பை கவிழ்ந்திருக்கிறது. புளுகி முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து என் காலைச் சுற்றி, பிறந்ததிலிருந்து சோற்றையே கண்ணால் பார்த்ததில்லை என்று கத்திக்கொண்டிருக்கிறது.